ஆட்டுக்கல், ஃப்ரிட்ஜ் தட்டு, நீல டிரம்

சமையலறை அலமாரியில் உளுந்து டப்பாவுக்குப் பின்னால் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. பால் கணக்கு எழுத வாங்கியது. போன ஆண்டு ஐப்பசியிலிருந்து அதில் கொசு முட்டைக் கணக்குதான் எழுதி வருகிறேன். மிக மோசமான வாரத்தில், கொசு முட்டையிடுவதற்கென்றே மொட்டைமாடியில் வைத்த ஒரு டப்பாவில் மட்டும் 101 முட்டை. இந்த ஆண்டு மழை தொடங்கி ஆறு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் வைத்த மூன்று டப்பாவையும் கூட்டினால் ஆறு வாரத்துக்கும் சேர்த்து ஒன்பது. இனி இதை எழுதலாம் என்று தோன்றுகிறது. கோடையிலேயே எழுதியிருந்தால், கொசு குறைந்தது என் வேலையாலா, மழை நின்றதாலா என்று எனக்கே தெரிந்திருக்காது.

எல்லாம் காய்ச்சலில் தொடங்கியது. புரட்டாசிக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சுருண்டு படுத்தாள். இரவு 103 டிகிரி. மறுநாள் ரத்தம் எடுத்ததில் டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனை பாசிட்டிவ். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது, இபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கமே போகக் கூடாது என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நான்காம் நாள் ரத்தத் தட்டணு 62,000க்கு இறங்கியதும் மருத்துவமனையில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. நான் பூரித்துப்போய் அத்தைக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். செவிலியர் வந்து, "இனிமேல்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்" என்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார். எத்தனை மில்லி சிறுநீர் போகிறாள், வயிற்று வலி உண்டா, வாந்தி உண்டா என்று மணிக்கணக்கில் எழுத வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நல்லபடியாக வீட்டுக்கு வந்தோம். ரசீது 38,000 ரூபாய். ஆட்டோவில் வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, என்னைக் கடித்தது நம் வீட்டுக் கொசுவா, பள்ளிக்கூடத்துக் கொசுவா?"

யாருக்குத் தெரியும். நம் வீட்டுக் கொசுவாக இருந்தால்தான் என்னால் எதுவும் செய்ய முடியும் என்பதால், அப்படியே வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினேன்.

வீட்டைப் பற்றி இரண்டு வரி. மதுரையின் ஓரத்தில், தரைத்தளமும் மொட்டைமாடியும் கொண்ட பன்னிரண்டு வயது வீடு. குடிநீர் நான்கு நாளுக்கு ஒரு முறைதான் வரும். ஆகவே அண்டா, குடம், டிரம் என்று எங்கே பார்த்தாலும் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். மாடியில் நாற்பத்திரண்டு செடித்தொட்டிகள் உண்டு, அவை என் பொறுப்பு. அத்தைக்கு இளைப்பு. கொசுவர்த்திச் சுருள் வைத்தால் கால் மணி நேரத்தில் மூச்சு விசில் அடிக்கும். சாம்பிராணிக்கும் அதே கதி. ஆகவே புகை போடும் வழி எங்களுக்கு இல்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை நான் செய்தது தவறான கொசுவைத் துரத்தியது. செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டினால் கொசு பாதியாகக் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். நைலான் வலை நான்கு மீட்டர் வாங்கினேன், 180 ரூபாய். நாலு அங்குலக் குழாயின் வாயில் இரண்டு மடிப்பாகப் போர்த்தி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். மூடிச் சிலாப்பின் விரிசலுக்குச் சிமென்ட் பூசினேன். ஒரு வாரத்தில் ராத்திரிக் கொசு உண்மையிலேயே குறைந்தது, காதருகே ரீங்காரம் இல்லை. கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலை எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் என் கணுக்காலில் மூன்று கடி.

மட்டையால் ஒன்றை அடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். காலில் வெள்ளை வெள்ளையாக வளையம். செப்டிக் டேங்கில் பிறந்து ராத்திரி வரும் கொசு வேறு. டெங்குவைத் தருகிற ஏடிஸ் வேறு. இது பகலில் கடிக்கும், காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம். சாக்கடை இதற்குப் பிடிக்காது, நாம் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கும் தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் நூறு மீட்டருக்குள்தான் சுற்றும். ஆக, தேட வேண்டிய எல்லை சின்னது.

அந்த வாரமே மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் பெண் வந்தார். கையில் ஒரு டார்ச், ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம். அவர் பார்க்கும் முறையை நான் நின்று கவனித்தேன். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடிக்கிறார். நிழல் விழுந்தால் புழுக்கள் சட்டென்று அடியில் போய்விடும். அசையாமல் ஒரு நிமிடம் நின்றால் மூச்சு வாங்க மேலே வரும். தலை கீழாக, வால் மேலாகத் தொங்கும். கமா குறி போல வளைந்திருப்பது கூட்டுப்புழு. அதைப் பார்த்துவிட்டால் இரண்டு நாளில் பறக்கப்போகிறது என்று பொருள்.

"ஃப்ரிட்ஜை இழுங்கள் அக்கா" என்றார். ஒன்பது ஆண்டுகளாக அந்த ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டில் இருக்கிறது. பின்புறம் கம்ப்ரசருக்கு மேலே ஒரு தட்டு உண்டு, பனி உருகும் தண்ணீர் அதில்தான் வந்து நிற்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சாய்த்து உறிஞ்சி எடுத்ததில் அரை லிட்டர் வந்தது. கிண்ணத்தில் ஊற்றியதும் பன்னிரண்டு, பதினைந்து புழுக்கள் நெளிந்தன. மகள் படிக்கிற மேசை அங்கிருந்து ஆறடி.

அடுத்தது பின்கட்டில் ஆட்டுக்கல். அத்தையின் மாமியார் காலத்துக் கல். கிரைண்டர் வந்தபின் கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டது. குழவியை எடுத்துவிட்டதால் குழி முழுக்க மழைத்தண்ணீர், மேலே இரண்டு கொய்யா இலை. இலையை நகர்த்தியதும் தண்ணீரே கொதிப்பது போல இருந்தது.

"மாடியில்?" என்று கேட்டார். "மாடியில் எல்லாவற்றுக்கும் வலை போட்டிருக்கிறேன்" என்றேன். அந்தப் பதிலுக்காக நான் பிறகு ஒரு மாதம் வருந்தினேன்.

ஆட்டுக்கல் தண்ணீரை மொண்டு வெயில் காய்ந்த சிமென்ட் தரையில் ஊற்றினேன். செடித்தொட்டிகளின் அடித்தட்டுகளையும் கவிழ்த்தேன். நான்கு நாள் கழித்து ஒரு மழை. அதற்கடுத்த இரண்டாம் நாள் அதே குழியில் மயிரிழை போன்ற குட்டிப் புழுக்கள். மீண்டும் வந்த அந்தப் பெண் சொன்னார்: "தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது அக்கா. ஓரத்தைத் தேய்க்க வேண்டும்." ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டி வைத்துவிடும். அது காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாது; அடுத்த மழையில் தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிந்துவிடும். அங்கிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். வாரம் ஒரு முறை என்று சொல்வதன் கணக்கு அதுதான்.

தேய்க்கும் வேலையில் ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. அடித்தட்டுகள் இருபத்தாறையும் குளியலறைக்குக் கொண்டுபோய், பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்க்கலாம் என்று நினைத்தேன். மூலையில் கிடந்த சிவப்பு வாளியை எடுத்துப் பவுடரைப் போட்டேன். அந்த வாளியில் முந்தின நாள் கழிவறை கழுவும் ஆசிட் ஊற்றியிருந்தது அடியில் கொஞ்சம் மிச்சம். நுரைத்துக்கொண்டு வந்தது, தொண்டையில் கத்தி இறங்கியது போல ஒரு நெடி. வாளியை விட்டுவிட்டு ஓடிவந்து கதவைச் சாத்தினேன். மாடியில் நின்று அரை மணி நேரம் இருமினேன். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். அத்தை அந்த நேரம் உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. அன்றிலிருந்து பிளீச்சிங்குக்குத் தனி வாளி, மாடியில் திறந்த வெளியில், கையுறையோடு. உண்மையில் அதுகூடத் தேவை இல்லை. தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவினாலே முட்டை போய்விடுகிறது. இப்போது நாரும் வெறும் தண்ணீரும்தான். இருபது தட்டுகளை எடுத்தே போட்டுவிட்டேன். செடிகள் ஒன்றும் வாடவில்லை.

ஃப்ரிட்ஜ் தட்டை மாதம் ஒரு முறை இழுத்துக் கழுவி, இரண்டு கைப்பிடி கல் உப்புப் போட்டு வைக்கிறேன். அவ்வளவு உப்புக் கரிக்கும் தண்ணீரில் இதுவரை புழு வைக்கவில்லை. எங்களுடையது பிளாஸ்டிக் தட்டு என்பதால் துருவுக்குப் பயமில்லை.

ஆட்டுக்கல்லுக்கு வீட்டில் பஞ்சாயத்து நடந்தது. தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று அவர் சொன்னார். அத்தை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. கவிழ்த்து வைக்கலாம் என்றால் அசைக்க நான்கு ஆள் வேண்டும். கடைசியில் குழியை ஆற்று மணலால் விளிம்பு வரை நிரப்பி, நடுவில் பத்து மணிப் பூச்செடி வைத்தேன். மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடுகிறது, மேலே நிற்பதில்லை. செலவு சுழி. அத்தை தினமும் பத்தரை மணிக்குப் போய், பூ விரிந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருகிறார்.

பிறகு மேல்நிலைத் தொட்டி. ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி, மூடியின் பாதி உடைந்து செங்கல் வைத்து மூடியிருந்தது. புது மூடி 350 ரூபாய். நைலான் வலை வெயிலில் மூன்று மாதத்தில் பொடிந்துவிடும் என்று ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னதால், துருப்பிடிக்காத ஸ்டீல் வலை வாங்கினேன். அங்குலத்துக்குப் பதினெட்டுக் கண், சதுர அடி 45 ரூபாய், எட்டுச் சதுர அடி. தொட்டி வழியும் குழாயின் வாய் ஒன்றேகால் அங்குலம். அதில் வலையை மடித்துப் போர்த்தி ஹோஸ் கிளாம்ப் போட்டு ஸ்க்ரூ டிரைவரால் இறுக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. படமெல்லாம் எடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். வழியும் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்தான் எங்கள் வீட்டு மணி. அது அன்று கேட்கவில்லை. தொட்டியின் பாசியும் தூசியும் வலையில் அப்பி அடைத்துவிட்டிருந்தன. தண்ணீர் மூடி வழியாகப் பொங்கி, சுவரில் இறங்கி, மின் மீட்டர் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி வழிந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டு அண்ணன் சத்தம் போட்டதால் தப்பித்தோம். மெயினை நிறுத்திவிட்டுச் சுவர் காய ஒரு நாள் காத்திருந்தோம்.

திருத்தம் சுலபமாகத்தான் இருந்தது, முதலிலேயே தோன்றாதது என் பிழை. ஒன்றேகால் அங்குலத்தை இரண்டு அங்குலமாக்கும் ரெடியூசர் 60 ரூபாய். அந்த விரிந்த வாயில் வலையைக் கட்டினேன். பரப்பு இரண்டரை மடங்கு, தண்ணீர் தடையில்லாமல் விழுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கிளாம்ப்பைத் தளர்த்தி வலையைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கிறேன். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்கும் இதே ஸ்டீல் வலையைப் போட்டாயிற்று. நைலான் அதற்குள் கையோடு வந்துவிட்டது.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோதும் சாயங்காலம் மாடிக்குப் போனால் காலில் கடி. எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் தேடிச் சலித்த பிறகுதான் டப்பா யோசனைக்கு வந்தேன். கொசுவுக்கு முட்டையிட இடம் கொடுத்து, எந்த மூலையில் அதிகம் இடுகிறது என்று எண்ணுவது. ஆய்வாளர்கள் செய்வதுதான், வீட்டில் செய்யச் செலவில்லை. காலி நெய் டப்பா மூன்றுக்குக் கருப்புப் பெயின்ட் அடித்தேன், கருப்பு நிறமும் நிழலும் ஏடிஸுக்குப் பிடிக்கும். முக்கால் அளவு தண்ணீர், உள்சுவரை ஒட்டி வெள்ளைப் பருத்தித் துணிப் பட்டை ஒன்று, பாதி நனையும்படி. விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே சிறு ஓட்டை, மழையில் நிரம்பி வழியாமல் இருக்க. ஒன்று குளியலறை ஜன்னலடியில், ஒன்று பின்கட்டில், ஒன்று மாடியில்.

ஐந்தாம் நாள் துணியை எடுத்து வெயிலில் விரித்தால், தண்ணீர்க் கோட்டுக்கு மேல் கருப்புப் புள்ளிகள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. போன் கேமராவில் பெரிதாக்கினால் கருகிய அரிசி போலத் தெரியும். எண்ணுவது மகளின் வேலை. காய்ச்சலுக்குப் பிறகு உடம்பு தேறாமல் வீட்டில் இருந்தாள். ஊசியின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். முதல் வாரம் குளியலறை 11, பின்கட்டு 38, மாடி 94. ஆட்டுக்கல்லில் மணல் போட்ட அடுத்த வாரம் 7, 9, 101. பின்கட்டு எண் விழுந்ததைப் பார்த்து நான் குதித்தேன். மாடி எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

இந்த டப்பாவில் ஒரு ஆபத்து உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கொட்டிவிட்டுப் போக மறந்தேன். பத்தாம் நாள் திரும்பினால் மாடி டப்பாவில் கூட்டுப்புழுவின் காலித் தோல்கள் மிதந்தன. நானே ஒரு ஈடு கொசுவை வளர்த்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன். இப்போது போனில் வாரம் இரண்டு அலாரம். வெளியூர் போனால் டப்பாவைக் கவிழ்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறேன். துணியை வெந்நீரில் போட்டு எடுத்த பிறகே மறுபடி பயன்படுத்துகிறேன்.

மாடியில் என்ன இருக்கிறது? செடிகள், தாமரைத் தொட்டி, அப்புறம் என் நீல டிரம்.

அந்த டிரம்மைப் பற்றி நான் கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் பேசியிருக்கிறேன். 200 லிட்டர், பழைய சாமான் கடையில் 1,100 ரூபாய். மாடிப்படி அறையின் கூரை நூறு சதுர அடி; ஒரு சென்டிமீட்டர் மழைக்குத் தொண்ணூறு லிட்டர் வரும். கூரைக் குழாயை டிரம்முக்கு மேல் நிறுத்தி, மூடியைக் கழற்றிவிட்டு, வாயில் நைலான் வலை கட்டியிருந்தேன். அதற்குத்தான் "எல்லாவற்றுக்கும் வலை" என்று சொன்னேன்.

அன்று முட்டி போட்டு டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். குழாயிலிருந்து விழுந்த மழையும் வேப்பிலையும் வலையின் நடுவை அழுத்தித் தொய்ய வைத்திருந்தன. டிரம் நிரம்பும்போது அந்தத் தொய்வு தண்ணீருக்குள் இறங்கி, வலைக்கு மேலேயே ஒரு குட்டைபோல் நிற்கிறது. விளிம்பில் கயிறு நெகிழ்ந்த இடத்தில் ஒரு விரல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குவளை விட்டு மொள்ள நானே வலையில் ஒரு சாண் கிழித்து, துணி காயப்போடும் கிளிப் ஒன்றைக் குத்தி வைத்திருந்தேன். அந்தக் கிளிப் எப்போதோ வெயிலில் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைக் கிண்ணத்தால் ஒரு முறை மொண்டேன், எண்ண முடியவில்லை. தினமும் காலையில் அதே தண்ணீரைத்தான் மொண்டு மொண்டு செடித்தொட்டிகளுக்கு ஊற்றியிருக்கிறேன். அடித்தட்டுகளில் புழு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தேனே, பரிமாறியது நான்.

டிரம்மைச் சாய்த்து மாடித் தரையில் கொட்டி, உள்ளே தலையை விட்டு நாரால் தேய்த்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. மூடியோடு, குழாய் வைத்து, மொள்ளவே தேவையில்லாதபடி மாற்றலாம் என்று முடிவு செய்தேன். இதற்கு மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு வாரம் ஒரு ஓட்டையில் போயிற்று.

துளை போடும் கருவி வாங்கக் கஞ்சத்தனப்பட்டு, இரும்புக் கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடிப்பக்கத்தில் குத்தினேன். பிளாஸ்டிக் உருகி நாறியது, அன்று முழுக்கத் தலைவலி. ஓட்டை முட்டை வடிவத்தில் வந்தது. முக்கால் அங்குல டேங்க் நிப்பிளை அதில் மாட்டி எவ்வளவு இறுக்கினாலும் ஓரத்தில் சொட்டியது. இரண்டு உருண்டையைப் பிசைந்து ஒட்டும் எபாக்சிப் பசை 75 ரூபாய்க்கு வாங்கி அப்பினேன். மறுநாள் காலை அது அப்பளம் போல அப்படியே உரிந்து கையில் வந்தது. இந்த வகை டிரம் பிளாஸ்டிக்கில் பசை எதுவும் பிடிக்காது என்று பிளம்பர் அண்ணன் சொன்னார். பசை வாங்கும்போது அவரைக் கேட்டிருக்கலாம்.

பிறகு வட்டமாக ஓட்டை வெட்டும் ஹோல் சா செட் வாங்கினேன், 320 ரூபாய். பழைய ஓட்டையை அப்படியே விட்டுவிட்டு, டிரம்மைத் திருப்பி எதிர்ப்பக்கம் தரையிலிருந்து மூன்று அங்குலத்தில் 28 மில்லிமீட்டர் ஓட்டை. மெதுவான வேகத்தில், அழுத்தாமல் ஓட்டினால் சீவலாக வருகிறது, உருகுவதில்லை. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் வாஷரை உள்பக்கம் வைத்து, நிப்பிளைக் கையால் இறுக்கி, ஸ்பானரால் கால் சுற்று. ஒரு சொட்டு இல்லை. பழைய முட்டை ஓட்டையையும் விடவில்லை. பெரிய பிட்டால் அதைச் சுற்றி வட்டமாக்கி, ஒன்றேகால் அங்குல நிப்பிள் போட்டுக் கழுவி விடும் வாயாக மாற்றினேன். அடியில் தேங்கும் தண்ணீர் அது வழியாகத்தான் போகிறது. நிப்பிள்கள், தண்ணீரைத் திறந்து மூடும் பால் வால்வு, குழாய்த் துண்டுகள், டெஃப்லான் டேப் எல்லாம் சேர்த்து 600 ரூபாய்.

மூடியைத் திரும்ப மாட்டி இரும்பு வளையத்தைப் பூட்டினேன். மூடிக்கும் விளிம்புக்கும் இடையே பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டிச் சுற்றினேன். மூடியின் நடுவில் இரண்டரை அங்குலக் குழாய். அதன் மேல் பெரிய புனல். புனலின் வாயில் ஸ்டீல் வலையைத் தட்டையாகக் கட்டாமல் கூரை போலச் சாய்த்துக் கட்டினேன். மழை வலையில் நிற்காமல் உள்ளே போகிறது, வேப்பிலை சறுக்கி வெளியே விழுகிறது. இந்தச் சாய்வு முதலிலேயே இருந்திருந்தால் பாதிக் கதை நடந்திருக்காது. வழியும் குழாய்க்கும் அதே வலை, அதே கிளாம்ப். டிரம்மை இரண்டு வரிசை ஹாலோ பிளாக் மேல் ஏற்றினேன், வாளி குழாய்க்கு அடியில் நிற்கும்படி. இது இல்லாமல் முதல் நாள் தண்ணீர் பிடிக்கத் தரையில் படுக்க வேண்டியிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் டப்பாக் கணக்கு: குளியலறை 2, பின்கட்டு 0, மாடி 6.

தாமரைத் தொட்டிக்குக் கப்பி மீன் விட்டேன். முதல் பத்து மீன், 100 ரூபாய், குழாய்த் தண்ணீர் மாற்றிய அன்றே விட்டதால் விடிவதற்குள் எல்லாம் மிதந்தன. குளோரின் போக இரண்டு நாள் வெயிலில் வைத்திருக்க வேண்டும். இரண்டாம் முறை பையோடு கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு திறந்துவிட்டேன். பத்தில் ஏழு தங்கின. இப்போது எண்ணிக்கையே இல்லை, தெருப் பிள்ளைகள் டம்ளரில் கேட்டு வாங்கிப் போகிறார்கள்.

பயன்பட்ட செலவு: தொட்டி மூடி 350, ஸ்டீல் வலை 360, கிளாம்ப் ஆறு 150, ரெடியூசர் 60, ஹோல் சா 320, டிரம் சாமான் 600, இரண்டாம் முறை மீன் 100. கூட்டினால் 1,940. வீணானது நைலான் வலை, பசை, செத்த மீன்: 355. மறுபடி செய்தால் எந்தச் சாமானும் வாங்கும் முன் முதல் நாளே டப்பா வைப்பேன். எங்கே என்று தெரியாமல் நான் மூன்று வாரம் தப்பான இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிரம்மின் கழுவும் வாயை ஒன்றேகாலுக்குப் பதில் இரண்டு அங்குலமாக வைப்பேன், வண்டல் இப்போது அடைக்கிறது. அண்டாக்களுக்கு எலாஸ்டிக் வைத்த துணி உறை அத்தை தைத்தது. அதைப் பற்றி ஒரு குறையும் இல்லை.

இந்த ஆறு வாரத்தின் ஒன்பது முட்டையை நோட்டில் பிரித்துப் பார்த்தேன். குளியலறை டப்பாவில் ஒன்று. மாடியில் ஒன்றும் இல்லை. மீதி எட்டும் பின்கட்டு டப்பாவில், அதுவும் கடைசி இரண்டு வாரத்தில். பின்கட்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் காலி மனை. சுவரில் ஏறிப் பார்த்ததில் தேங்காய்ச் சிரட்டைகள், ஒரு ஸ்கூட்டர் டயர், யாரோ போட்ட உடைந்த கழிவறைக் கோப்பை. மனைக்காரர் சிவகாசியில் இருக்கிறாராம். போனில் கேட்டதற்கு, தாராளமாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை போகிறோம். சிரட்டைக்குச் சாக்கு மூட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். கோப்பையை எப்படித் தூக்குவது என்றுதான் தெரியவில்லை.